எடை சரியாக இருந்த பெட்டி

இரண்டாம் கன்டெய்னரின் எடை சரியாக இருந்தது. காகிதத்தில் எட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ. எடைமேடையிலும் எட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ. சீட்டைக் கையில் வாங்கிய சார்ஜண்ட் தெக்லா ஃபால்காசந்தோஸ் இரண்டு எண்ணையும் மறுபடி படித்தாள்.

வேறு துறைமுகமாக இருந்தால் இப்படி எடை ஒத்துப்போனதற்குக் கைதட்டியிருப்பார்கள். சம்போவாங்காவில் அது நடக்காத காரியம். தெற்கே தீவு முகாம்களுக்குப் போகும் ராணுவப் பெட்டி எதுவும், தெக்லா சரக்குச் சரிபார்ப்புக்கு வந்த இந்தப் பத்தொன்பது வருஷத்தில், சொன்ன எடையில் போனதே கிடையாது. ஐம்பது அறுபது கிலோ கூடவே இருக்கும். பெருநாள் சமயமென்றால் நூறு கிலோ.

காரணம் பாடாலா. ஊரில் இருப்பவர்கள் தூரத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். வாரத்துக்கு ஒரு கப்பல். கப்பலில் ராணுவச் சரக்குக்கு மட்டும்தான் இடம். மனைவிமார்களும் அம்மாக்களும் சும்மா இருப்பார்களா? வியாழக்கிழமை கிடங்கில் பெட்டி அடுக்கும்போது சுமைக்காரர்கள் தோட்டாப் பெட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவே கருவாட்டை, சோப்பை, புதுச் செருப்பை, பிள்ளை வரைந்த படத்தைச் செருகிவிடுவார்கள். தெக்லா அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பித் தண்ணீர் குடிப்பாள். பிறகு எடைச் சீட்டில் கூடுதல் எடைக்குக் காரணம் என்ற கட்டத்தில் "மரத்தட்டு ஈரம்" என்று எழுதுவாள். அவள் எழுதியதை நம்பினால், பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் ஒரு மரத்தட்டுகூடக் காயவில்லை.

அதனால்தான் இந்தச் சீட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் கன்டெய்னரில் என்னென்ன போயிற்று என்று அவளுக்கு மனப்பாடம். பதினோரு பொட்டலம். அதில் ஒன்று, தீவு முகாமின் சமையல்காரனுக்கு அவன் மாமியார் அனுப்பிய கல் உரல். அதை மட்டும் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"தாசியோ," என்று சுமைக்காரர் தலைவனைக் கூப்பிட்டாள். "அந்த உரலை எதுல வச்சே?"

"ரெண்டாவதுல, மானா. கதவுப் பக்கமே வச்சேன்." தாசியோ இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் சுமைக்காரர்கள் எல்லோரையும்போல அவனும் அவளை மானா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். "ஏன், கிழவி திரும்பக் கேக்குறாளா?"

"எடுத்து வேற எங்கயாவது மாத்தினியா?"

"ஒரு தடவை தூக்கினதுக்கே என் முதுகு கோர்ட்டுக்குப் போயிடுச்சு. மறுபடியும் தூக்குவேனா?"

தெக்லா சிரிக்கவில்லை. சீட்டை நீட்டினாள். தாசியோவுக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை, எண் தெரியும். இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகமும் மாறியது.

"உரலு கனமில்லையா மானா?"

"உரல் கனந்தான். வேற ஏதோ கனம் குறைஞ்சிருக்கு."

அப்போதுதான் வெளி வாசலில் நுர்மினா நிற்பதை அவள் பார்த்தாள். சனிக்கிழமை தவறாமல் வருகிறவள். பொட்டலத்தைக் கிடங்குக்கு அனுப்பாமல் நேரே தெக்லாவின் கையில்தான் கொடுப்பாள், ஏனென்றால் அது முகாமில் இருக்கும் சிப்பாய்க்கு இல்லை, முகாமின் காவலறையில் அடைபட்டிருக்கும் சிப்பாய்க்கு. அவள் புருஷன் காப்போரல் பென்ஹார் இம்லான் தும்பாகன் தீவில் சரக்கு வாங்கி எண்ணுகிறவன். மே மாதம் அவன் வாங்கிய பெட்டியில் இருபது தோட்டாப் பெட்டி குறைந்தது. இங்கிருந்து முழுசாகப் போனது என்று கையெழுத்து இருக்கிறது, அங்கே குறைகிறது, நடுவில் கடல். கடல் தோட்டாவைத் திருடாது. போதாததற்குப் பென்ஹார் தீவுக்காரன், காட்டுக்குள் இருக்கும் கலகக்காரர்களில் அவனுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவன் உண்டு. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? விற்றுவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"பான்யாலம் சுட்டேன் மானா. ஆறிப்போனாலும் நல்லாருக்கும்," என்று நுர்மினா ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை விசாரணையாம். ஒத்துக்கச் சொல்றாரு அவங்க வக்கீலு. ஒத்துக்கிட்டா பத்து வருஷத்தோட போயிடுமாம். இல்லேன்னா வெளியவே வர முடியாதாம்."

"அவன் என்ன சொல்றான்?"

"எடுக்காததை எப்படி ஒத்துக்கிறதுன்னு கேக்குறாரு. நான்தான் ஒத்துக்கோங்கன்னு எழுதிப் போட்டேன். பத்து வருஷம்னா பாப்பாவுக்குப் பதிமூணு வயசு. அப்பன் மூஞ்சியையாவது பார்ப்பாள்ல." அழவில்லை அவள். அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

தெக்லா டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் நேரே எடைமேடைக்குப் போகவில்லை. அலுவலகத்துக்குப் போய் மே மாதக் கோப்பை இழுத்தாள். அவள் கை ஏன் அந்தக் கோப்பைத் தேடிப்போனது என்று அவளுக்கே அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. மே பதினேழு. தும்பாகன். ஒரே ஒரு கன்டெய்னர். காகித எடை ஏழாயிரத்து அறுநூற்றுப் பத்து. மேடை எடை ஏழாயிரத்து அறுநூற்றுப் பத்து. கூடுதல் எடைக்குக் காரணம் என்ற கட்டம் காலி. அடியில் அவள் கையெழுத்து.

அன்றைக்கு அவள் அக்கா மகளுக்குக் கல்யாணம். காலை எட்டு மணிக்கு மாதா கோவிலில் இருக்க வேண்டும். அவளுடைய மேலதிகாரி மேஜர் கிந்தானார் தாள்களை அடுக்கி, "போய்ட்டு வாங்க சார்ஜண்ட், எல்லாம் சரியா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். கல்யாண உடுப்போடு நின்றபடியே, ஒன்றையும் படிக்காமல், ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மேஜர் எவ்வளவு நல்ல மனுஷர் என்று கோவிலில் தங்கையிடம் சொல்லவும் சொன்னாள்.

அவளுக்குத் தன்மீது அப்படி ஒரு அருவருப்பு வந்தது. மூன்று மாதமாக அந்தப் பெண்ணின் கையால் டின்னை வாங்கிக்கொண்டு, "கவலைப்படாதே, கடவுள் இருக்கார்" என்று வேறு சொல்லியிருக்கிறாள். கடவுள் இருந்தார், சரி. கையெழுத்துப் போடும்போது இவள் எங்கே இருந்தாள்?

கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் படகுத்துறைக்குத் திரும்பியபோது மேஜர் கிந்தானாரே அங்கு வந்திருந்தார். பிப்ரவரியில் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த போக்குவரத்து அதிகாரி. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. அவருக்குப் பக்கத்தில் கப்பல் அதிகாரி லெப்டினன்ட் அரிஸ்தோன், கடல் ஏற்றம் வடிவதற்குள் கிளம்ப வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சார்ஜண்ட், ஒண்ணாவது மூணாவது ஏத்தியாச்சு. ரெண்டாவதுக்கு ஏன் இன்னும் கையெழுத்து வரலை?" என்றார் மேஜர்.

"எடை சரியா இருக்கு சார். அதான் யோசிக்கிறேன்."

லெப்டினன்ட் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். மேஜர் சிரித்தார். "தப்பா இருந்தா யோசிப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன்." கையிலிருந்த தட்டைத் திரையை அவள் பக்கம் திருப்பினார். கன்டெய்னர் ஒவ்வொன்றின் கதவிலும் ஒட்டியிருக்கும் கருவி, பெட்டி எங்கே நிற்கிறது, கதவு எப்போது திறந்தது என்று அந்தத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் வந்த பிறகு வந்த ஏற்பாடு. மூன்று பெட்டிக்கும் மூன்று பச்சைப் புள்ளி. "வியாழக்கிழமை நீங்க சீல் வச்சதுக்கப்புறம் கதவு திறக்கவே இல்லை. சீல் நம்பர் ஒத்துப்போகுது. எடை ஒத்துப்போகுது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"பெட்டி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும் சார். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரியுமோ?"

தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் வாய் வர வேண்டும். தாசியோ அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்கிற மாதிரி. சொன்னால் அவள் தலை மட்டுமா உருளும்? ராணுவப் பெட்டிக்குள் வெளிச் சாமான் வைத்ததற்காகச் சுமைக்காரர்களின் வேலையும் போகலாம், இனிமேல் எந்த முகாமுக்கும் ஒரு துண்டுக் கருவாடு போகாமலும் ஆகலாம். இத்தனையும் அவளுக்குத் தெரியும். மேஜருக்கும் அவள் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும், அல்லது இப்படி ஒரு வழக்கம் இருப்பதே அந்த மனுஷருக்கு இன்றுவரை தெரியாமல் இருந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் எடையை இவ்வளவு அழகாகச் சரிக்கட்டியிருக்க மாட்டார்.

"தாசியோ, உன் ஆளுங்களைக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லு. இது என் பேச்சு, உங்க பேச்சு இல்ல," என்றாள் தெக்லா. பிறகு மேஜர் பக்கம் திரும்பினாள். "இந்தப் பெட்டிக்குள்ள பதினோரு பொட்டலம் கூடுதலா இருக்கு சார். கருவாடு, செருப்பு, ஒரு கல் உரல். எனக்குத் தெரிஞ்சே வச்சது. அதோட எடை எப்படியும் அறுபது கிலோவுக்கு மேல வரும். அதெல்லாம் உள்ள இருந்தும் எடை கூடலைன்னா, அறுபது கிலோ ராணுவச் சாமான் வெளிய போயிருக்குன்னு அர்த்தம். அறுபது கிலோ எடுக்க யாரும் சீல் உடைக்க மாட்டாங்க. நிறைய எடுத்துட்டு, வேற எதையோ வச்சு, காகிதத்துல இருக்கிற எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. யாரோ அவசரத்துல கணக்குல ரொம்ப ஒழுங்கா இருந்துட்டாங்க."

மேஜர் திரையை அணைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார்ஜண்ட்," என்றார் மேஜர் மெதுவாக, "நீங்க ராணுவப் பெட்டிக்குள்ள வெளிச் சாமானை விட்டதா சொல்றீங்க. புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதான் சார்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பத்தொன்பது வருஷமா."

"இதுக்கே உங்க பட்டையைப் பிடுங்கலாம். பென்ஷன் போயிடும். எட்டு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

"ஏழு மாசம் சார். நீங்க ஒரு மாசம் தப்பா எண்ணிட்டீங்க."

சுமைக்காரர் பக்கத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. சிரிப்பை விழுங்கிய இருமல். மேஜரின் காது சிவந்தது. "கையெழுத்துப் போடுங்க. இது உத்தரவு."

"போட மாட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"போட மாட்டேன்னேன் சார். காது கேக்குற தூரத்துலதானே நிக்கிறேன். சரிபார்க்கிறவருக்குச் சந்தேகம் வந்தா, கப்பல் அதிகாரி முன்னால பெட்டியைத் திறந்து பார்க்கலாம்னு விதி இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாலயே இருக்கு."

இருவரும் லெப்டினன்ட் அரிஸ்தோனைப் பார்த்தார்கள். சின்ன வயசு. சண்டைக்கு ஆசைப்படாத முகம். அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் மேஜரைப் பார்த்தார்.

"சந்தேகம்னு வாய்விட்டுச் சொல்லிட்டாங்க சார். கையெழுத்து இல்லாம நான் ஏத்த முடியாது. நடுக்கடல்ல ஒண்ணு ஆனா என்னைக் கேப்பாங்க. திறந்துடுவோம், அஞ்சு நிமிஷம்."

தாசியோ கடப்பாரையோடு வந்து கதவிலிருந்த சீலை உடைத்தான். கதவு திறந்ததும் கருவாட்டு வாடை வந்தது. கல் உரல் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஓரமாக வைத்துவிட்டு, தாசியோ உள்ளே ஏறி பச்சைத் தோட்டாப் பெட்டிகளைத் தட்டிக்கொண்டே போனான். மூன்றாவது வரிசையில் நின்றான். ஒன்றைத் தூக்கிவந்து துறையின் சிமெண்டில் வைத்தான். மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளை மணல். சிப்பித் துண்டுகள் கிடக்கும் சாதாரணக் கடற்கரை மணல். ஒரு குட்டி நண்டுகூடக் காய்ந்து கிடந்தது.

"சுட்டா நண்டு பறக்குமா மானா?" என்றான் தாசியோ. இந்தத் தடவை யாரும் சிரிப்பை விழுங்கவில்லை.

எண்ணினார்கள். இருபத்திரண்டு பெட்டி மணல்.

மேஜர் கிந்தானார் மணல் பெட்டியின் மூடியைத் தன் கையாலேயே சாத்தினார். பிறகு ஆளே மாறி, குரலைத் தணித்து, தெக்லாவைத் தனியே அழைத்துப்போனார். "நல்ல வேலை செஞ்சீங்க. இதை நான் பாத்துக்கிறேன். மூடிட்டு பெட்டியைக் கிடங்குல வைங்க. விசாரணைக்கு நானே எழுதுறேன். நீங்க சொன்ன அந்தப் பொட்டலம் விஷயத்தை நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கலாம். உங்களுக்கும் நல்லது, உங்க ஆளுங்களுக்கும் நல்லது."

"யார் மேல எழுதுவீங்க சார்?"

"அது விசாரணையில தெரியும். சுமைக்காரங்கள்ல எவனோ ஒருத்தனாத்தான் இருக்கும்."

தெக்லாவுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் தெளிவாகிவிட்டது. சீலும் திரையும் இருப்பது இவர் கையில்தான். தீவில் ஒரு பென்ஹார், இங்கே ஒரு தாசியோ. செவ்வாய்க்கிழமை பென்ஹார் ஒத்துக்கொள்வான், அடுத்த மாதம் தாசியோவையும் ஒத்துக்கொள்ளச் சொல்வார்கள். மே மாதத் தாளை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. எடுத்தாலும் அங்கே இருப்பது அவள் கையெழுத்து, மேஜருடையது இல்லை.

"ஒன்பதரை ஆச்சு சார். பட்டியல் வாசிக்கணும்," என்றாள்.

கப்பல் கிளம்புமுன் என்னென்ன வருகிறது என்று வானொலியில் வாசிப்பார்கள். தும்பாகனில் கேட்பவன் பக்க எண் அச்சடித்த புத்தகத்தில் மையால் எழுதிக்கொள்வான். ஒரு எழுத்தை அடித்தாலும் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். தும்பாகனுக்குத்தான் வாசிப்பது என்றாலும், கப்பல் வரிசையாக நிற்கும் ஆறு முகாமும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராணுவப் பட்டியல் முடிந்ததும் தெக்லா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, யார் யாருக்குப் பொட்டலம் இருக்கிறது என்று பெயர்களை மட்டும் சொல்வாள். அதற்காகத்தான்.

"இன்னைக்கு வாசிக்க வேண்டாம்," என்றார் மேஜர்.

அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"சார்ஜண்ட்! அந்த ரேடியோவைத் தொட்டீங்கன்னா இன்னைக்கே உங்களை உள்ள வைப்பேன்!"

"வைங்க சார். காவலறையில எப்படி இருக்கும்னு மூணு மாசமா நான் யோசிக்காத நாள் இல்ல." திரும்பாமலே சொன்னாள். மேஜர் வேகமாகப் பின்னால் வந்தார். எங்கிருந்து வந்ததோ, தாசியோவின் ஃபோர்க்லிஃப்ட் அவருக்கும் வானொலி அறைக்கும் குறுக்கே வந்து, இன்ஜின் அணைந்து நின்றது. தாசியோ இறங்கிச் சக்கரத்தைக் குனிந்து குனிந்து பார்த்தான். "மன்னிக்கணும் சார். இந்த வண்டி இப்படித்தான்," என்றான்.

தெக்லா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒலிவாங்கியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"தும்பாகன், இது சம்போவாங்கா. எழுதிக்கோ. கன்டெய்னர் ஒண்ணும் மூணும் சரி, கப்பல்ல ஏறியாச்சு. கன்டெய்னர் ரெண்டு வராது. சீல் முழுசா இருந்தது, திரையில பச்சை இருந்தது, எடை சரியா இருந்தது. கப்பல் அதிகாரி முன்னால திறந்தோம். தோட்டாப் பெட்டி இருபத்திரண்டுல கடற்கரை மணல். திருட்டு இங்க, இந்தக் கரையில நடந்திருக்கு. எழுதிட்டியா?"

கரகரப்பு கேட்டது. பிறகு ஒரு இளசான குரல்: "எழுதிட்டேன் மானா."

வெளியே கதவை யாரோ முட்டினார்கள். மேஜரின் குரல், லெப்டினன்டின் குரல், தாசியோ சத்தமாக எதற்கோ மன்னிப்புக் கேட்கும் குரல். தெக்லா கோப்பைப் பிரித்து மே மாதத் தாளை முன்னால் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு பதிவு. மே பதினேழு. தும்பாகன் பெட்டி. அன்னைக்கும் தாள்ல எடை இதே மாதிரி சரின்னு எழுதியிருக்கு. ஊர்லேருந்து போன பொட்டலம் அதுலயும் இருந்தது, அதனால எடை சரியா இருந்திருக்கவே முடியாது. குறைஞ்ச இருபது பெட்டி இங்கேயே குறைஞ்சது. காப்போரல் பென்ஹார் இம்லான் கைக்கு அது வரவே இல்லை. உள்ள பார்க்காம, தாளைப் படிக்காம, முழுசா போகுதுன்னு கையெழுத்துப் போட்டது நான். சார்ஜண்ட் தெக்லா ஃபால்காசந்தோஸ். குத்தம் என்னோடது."

அந்தப் பக்கம் புத்தகத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மானா," என்றான் அந்தப் பையன், குரலை ரகசியமாக்கி, ஆறு முகாமும் கேட்டுக்கொண்டிருக்கும்போது ரகசியம் பேச முடியும் என்பதுபோல. "இதை அப்படியே எழுதணுமா? உங்க பேரு போட்டு எழுதினா அப்புறம் அடிக்க முடியாது."

"அதுக்குத்தான்டா சொல்றேன். என் ராணுவ நம்பரும் எழுது. மெதுவா சொல்றேன்."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். முட்டலில் கதவின் மேல் கீல் கழன்று தொங்கியது. கடைசி எண்ணைச் சொல்லி முடித்ததும் தும்பாகன் பையன் அதைத் திருப்பி வாசித்தான், அவள் பெயரோடு, குத்தம் என்னோடது என்பது வரைக்கும், ஒரு எழுத்து விடாமல். அவன் முடிக்கவும், கேட்காமலே இன்னொரு முகாமின் குரல் குறுக்கே வந்தது.

"புவாசான். எங்க புத்தகத்துலயும் எழுதிட்டோம்."

பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கதவு விழுந்து மேஜர் உள்ளே வந்தபோது ஆறாவது முகாம் பேசிக்கொண்டிருந்தது.